சுருக்க நூலகம்: ரிக்ரெஷன் டெஸ்ட் கோப்புகளையும் பில்ட் ஸ்கிரிப்டையும் எப்படிப் பராமரிப்பது?

#1 கட்டளைவரி

வணக்கம் நண்பர்களே. டிஃப்ளேட், பீஸிப்2 என்ற இரண்டு சுருக்க முறைகளையும் கையாளும் ஓப்பன் சோர்ஸ் சி லைப்ரரி ஒன்றின் டெஸ்ட் அடைவைச் சீரமைக்க வேண்டும். டிஃப்ளேட்டுக்கு அடியில் சிஸ்டத்தில் உள்ள ஸீலிப். பீஸிப்2 பகுதி லைப்ரரியின் சொந்தக் கோடு. பில்டுக்குக் கையால் எழுதிய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒன்று, சிமேக் ஒன்று.

டெஸ்ட் எல்லாம் ஒரே பாணிதான்: மூலக் கோப்பைச் சுருக்கு, ரெப்போவில் இருக்கும் பழைய சுருக்கிய கோப்போடு பைட் பைட்டாக ஒப்பிடு. ஸீலிப்-என்ஜி (ஸீலிப்புக்கு மாற்றான லைப்ரரி) உள்ள டிஸ்ட்ரோவில் ஓட்டினால் டிஃப்ளேட் டெஸ்டுகள் வரிசையாக விழுகின்றன. லைப்ரரியில் ஒரு வரிகூட மாறவில்லை.

மூன்று கேள்விகள். சுருக்கிய பைட்டுகளை ஒப்பிடுவதே தவறா? ரெப்போவில் கிடக்கும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பைனரி கோப்புகளை என்ன செய்வது? இரண்டு பில்ட் முறைகளையும் எப்படிச் சோதிப்பது?

#2 பிட்வாரி

முதல் கேள்விக்கு: ஆம், அந்த இடத்தில் தவறுதான். டிஃப்ளேட்டின் வரையறையான ஆர்எஃப்சி 1951 விரிப்பவன் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது. சுருக்குபவன் எந்தப் பொருத்தத்தைத் தேர்ந்தாலும், பிளாக்கை எங்கே வெட்டினாலும், விரித்தால் மூலம் வந்தால் போதும். ஐபிஎம் இசட்15 இயந்திரத்தில் டிஃப்ளேட்டை வன்பொருளே செய்கிறது; அதன் பைட்டுகள் மென்பொருள் ஸீலிப்போடு ஒத்துப்போகாது. ஃபெடோரா 40 ஸீலிப்புக்குப் பதில் ஸீலிப்-என்ஜியை வைத்தபோதும் இதே கதைதான்.

இதன் விலை என்ன என்பதற்கு 2023 ஜனவரி நல்ல சான்று. கிட் 2.38இலிருந்து கிட் ஆர்கைவ் கட்டளை வெளி ஜீஸிப்பை அழைப்பதை விட்டு உள்ளேயே ஸீலிப் மூலம் சுருக்கத் தொடங்கியது. கிட்ஹப் அந்தப் பதிப்புக்கு மாறியதும் சோர்ஸ் டார்பால்களின் (சோர்ஸ் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்புகளின்) ஹாஷ் மாறியது. உள்ளே இருந்த கோப்புகள் அப்படியே இருந்தும், ஹாஷைப் பூட்டி வைத்திருந்த பில்டுகள் உலகெங்கும் நின்றன. கிட்ஹப் மாற்றத்தைத் திரும்பப் பெற்றது.

ஆகவே சுருக்கும் திசைக்கு ரவுண்ட்-ட்ரிப் டெஸ்ட்: சுருக்கு, விரி, மூலத்தோடு ஒப்பிடு. ஆனால் இயல்பு நிலையில் ஒரே ஒரு முறை ஓட்டினால் பயன் இல்லை. அளவுருக்களை முழுதாகச் சுற்ற வேண்டும். ஸீலிப்பில் லெவல் 0 முதல் 9 வரை 10, ஸ்ட்ராடஜி 5, விண்டோ பிட் 9 முதல் 15 வரை 7, மெமரி லெவல் 1 முதல் 9 வரை 9. பெருக்கினால் 3150 சேர்க்கைகள். 64 கேபி உள்ளீட்டுக்கு இது பெரிய சுமை இல்லை.

ஏன் இவ்வளவு? சிவிஇ-2018-25032ஐப் பாருங்கள் (சிவிஇ என்பது பதிவான பாதுகாப்புக் குறைக்குத் தரும் எண்). ஃபிக்ஸட் ஸ்ட்ராடஜியில் ஒரு நீள-தூர ஜோடி (முன்பு வந்த பகுதியை ‘இவ்வளவு தூரம் பின்னே, இவ்வளவு நீளம்’ என்று சுட்டுவது) அதிகபட்சம் 31 பிட் எடுக்கும்: நீளக் குறி 8, கூடுதல் பிட் 5, தூரக் குறி 5, கூடுதல் பிட் 13. பழைய ஸீலிப்பில் வெளியீட்டு பஃபரும் தூரங்களைச் சேர்த்து வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. தொலைதூரப் பொருத்தங்கள் நிறைய வந்தால், எழுதும் பிட்டுகள் இன்னும் படிக்காத தூரங்களின் மேல் ஏறிவிடும். 2018இலேயே கிட்டில் திருத்தம் நுழைந்தது, ஆனால் அதைத் தாங்கிய 1.2.12 வெளியானது 2022 மார்ச்சில். இயல்பு அளவுருவில் ஒரு ஆங்கிலப் பத்தியைச் சுருக்கிப் பார்க்கும் டெஸ்ட் இதை ஒருநாளும் பிடிக்காது.

உள்ளீடுகளும் முக்கியம்: காலிக் கோப்பு, 1 பைட், முழுதும் சுழியம், சுருங்கவே சுருங்காத ரேண்டம். ஸ்டோர்டு பிளாக்கின் (சுருக்காமல் அப்படியே வைக்கும் பகுதியின்) எல்லை 65535 பைட் என்பதால் 65534, 65535, 65536 மூன்றையும் சேருங்கள். வெளியீட்டு பஃபரை 1 பைட்டாக வைத்தும் ஒரு சுற்று ஓட்டுங்கள். நிலை இயந்திரப் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் வெளிவரும்.

#3 சோதனைச்சாவடி

பிட்வாரி சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். ரவுண்ட்-ட்ரிப் மட்டும் வச்சா, சுருக்குறதும் விரிக்கிறதும் ஒரே மாதிரி தப்பு பண்ணா டெஸ்ட் பாஸ் ஆயிடும். அதனால விரிக்கிற பக்கம் உறைந்த கோப்புகள் கட்டாயம் வேணும். அங்க பைட் ஒப்பீடு சரிதான், ஏன்னா விடை ஒண்ணே ஒண்ணுதான்.

அந்தக் கோப்புகளை உங்க என்கோடர் (சுருக்குற கோடு) வச்சே உண்டாக்காதீங்க. ஸீலிப் என்கோடர் 32768 பைட் தூரத்தை எட்டவே எட்டாது. குறைந்தபட்ச முன்னோக்கு 262 பைட்டைக் கழிச்சு 32506 வரைதான் போகும். ஆனா ஃபார்மட் 32768 வரை அனுமதிக்குது. ஸீலிப் உண்டாக்கின கோப்புகளை மட்டும் வச்சு டெஸ்ட் பண்ற டீகோடர் (விரிக்கிற கோடு), அந்தக் கடைசி 262 தூரங்களைப் பார்த்திருக்கவே மாட்டாது. அதே மாதிரி 258 நீளத்துக்கு 285ஆம் குறி இருக்கு. 284ஆம் குறியோட கூடுதல் பிட் 31 போட்டாலும் கணக்குப்படி 258 வரும். உங்க டீகோடர் அதை ஏத்துக்கணுமா மறுக்கணுமான்னு முடிவு பண்ணி டெஸ்ட்ல பதிஞ்சு வைங்க. ஸீஸ்டாண்டர்ட்ங்கிற இன்னொரு சுருக்க லைப்ரரியோட ரெப்போவுல டீகோட்கார்பஸ்னு ஒரு ப்ரோக்ராம் இதுக்குன்னே இருக்கு: விதிப்படி சரியான ஃப்ரேம்களை ரேண்டமா உண்டாக்கும், மூலத்தையும் கூடவே கொடுக்கும்.

பீஸிப்2 உங்க சொந்தக் கோடுன்னா 2019ல நடந்ததைக் கண்டிப்பா படிங்க. ஒவ்வொரு 50 சிம்பலுக்கும் ஒரு செலக்டர் (எந்தக் குறி அட்டவணைன்னு சொல்ற எண்). பிளாக் அதிகபட்சம் 900000, அப்போ 18000, கூட 2 சேர்த்து 18002 செலக்டர் போதும். ஆனா கோப்புல அந்த எண்ணுக்கு 15 பிட் இடம் இருக்கு, 32767 வரை எழுதலாம். பழைய கோடு எல்லை பார்க்காம அரேக்கு வெளியே எழுதிச்சு, அதுதான் சிவிஇ-2019-12900. 1.0.7ல 18002க்கு மேல வந்தா பிழைன்னு திருத்தினாங்க. பாதுகாப்பா சரி. ஆனா எல்பீஸிப்2 மாதிரி வேற என்கோடர்கள் தேவைக்கு மேல செலக்டர் எழுதுற பழக்கம் உள்ளவை. அந்தக் கோப்புகள் அதுவரை ஒழுங்கா விரிஞ்சவை, இப்போ திறக்கல. ஒரு மாசத்துக்குள்ள, 2019 ஜூலைல, 1.0.8 வந்துச்சு: எண்ணை ஃபார்மட் அனுமதிக்கிற அளவு ஏத்துக்கோ, 18002க்கு மேல உள்ளதைப் படிச்சுட்டு விட்டுடு.

அதோட பீஸிப்2க்குத் தனி டெஸ்ட் ரெப்போ ஒண்ணும் தொடங்கினாங்க. பல என்கோடர்கள் உண்டாக்கின கோப்புகள், ஒவ்வொண்ணுக்கும் எம்டி5, கெட்ட கோப்புகளுக்குத் தனி பின்னொட்டு. இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கலாம்.

கெட்ட கோப்பு டெஸ்ட்ல ‘தோத்துச்சு, அதனால பாஸ்’னு எழுதாதீங்க. எந்தப் பிழைக் குறி வந்துச்சுன்னு பாருங்க. சிஆர்சி (சரிபார்ப்பு எண்) தப்பா இருக்கிற கோப்பு ‘மெமரி போதலை’ன்னு தோத்தா அது பாஸ் இல்ல.

#4 கட்டளைவரி

நன்றி. அப்படியானால் பைனரி கோப்புகள் ரெப்போவில் இருந்தே ஆக வேண்டும். எக்ஸ்இசட் என்ற சுருக்க லைப்ரரியின் டெஸ்ட் கோப்புகளில் பின்வாசலை ஒளித்து வைத்த விவகாரத்துக்குப் பிறகு அதையே பலர் எதிர்க்கிறார்களே?

#5 நெய்தல்

எதிர்ப்பு நியாயமானதுதான், ஆனால் தீர்வு கோப்புகளைத் தூக்கி எறிவது அல்ல. அந்தத் தாக்குதல் எந்தெந்தக் கதவு வழியாக நுழைந்தது என்று தனித்தனியாகப் பார்த்தால் எதைப் பூட்ட வேண்டும் என்று தெரியும்.

எக்ஸ்இசட் 5.6.0 (2024 பிப்ரவரி), 5.6.1 (2024 மார்ச்) இரண்டின் டார்பாலிலும் பில்ட்-டு-ஹோஸ்ட் என்ற எம்4 மேக்ரோ கோப்பு மாற்றப்பட்டிருந்தது. கிட்டில் அந்தக் கோப்பே இல்லை. கான்ஃபிகர் ஓடும்போது அது கிரெப் மூலம் சோர்ஸ் அடைவைத் தேடி, டெஸ்ட் கோப்புகளில் ‘கெட்டது’ என்று பெயரிட்ட ஒன்றைக் கண்டெடுக்கும். டிஆர் கட்டளையால் டேபையும் ஸ்பேஸையும் இடம் மாற்றும், ஹைஃபனையும் அடிக்கோட்டையும் இடம் மாற்றும். உடனே அந்தக் ‘கெட்ட’ கோப்பு முழுமையான எக்ஸ்இசட் கோப்பாகிவிடும். விரித்தால் ஷெல் ஸ்கிரிப்ட். அது இன்னொரு ‘நல்ல’ டெஸ்ட் கோப்பில் 1024 பைட்டைத் தள்ளி 2048 பைட்டை எடுத்து என்று மாறி மாறிப் பொறுக்கி, அதிலிருந்து ஆப்ஜெக்ட் கோப்பைச் செய்து லைப்ரரிக்குள் இணைத்தது. எக்ஸ்86-64 லினக்ஸ், ஜிசிசி, டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜ் பில்ட் என்றால் மட்டும். எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமானதையும் வால்கிரைண்ட் எச்சரிக்கைகளையும் துரத்திப்போன ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் 2024 மார்ச் 29 அன்று வெளியிட்டார்.

இதிலிருந்து செய்ய வேண்டியவை.

கெட்ட கோப்புகளை ஹெக்ஸ் உரையாக வையுங்கள், குறிப்போடு. ஒரு வரிக்கு ஒரு புலம்: மேஜிக் பைட், பிளாக் அளவு, சிஆர்சி, எந்த பைட்டை எதற்காகக் கெடுத்தோம் என்று வரி ஓரத்தில். உரையை பைனரியாக்க எக்ஸ்எக்ஸ்டியை நம்ப வேண்டாம். அது விம்மோடு வருவது, சிறிய கன்டெய்னர்களில் இருக்காது. குறிப்பை விட்டுவிட்டு இரண்டிரண்டு இலக்கமாகப் படிக்கும் சி ப்ரோக்ராம் முப்பது வரியில் முடியும். ஒரு கெட்ட கோப்பு 200 பைட்டைத் தாண்டினால் ‘ஏன்?’ என்று ரெவ்யூவில் கேளுங்கள். பெரும்பாலும் சிறிதாக்க முடியும்.

பெரிய உள்ளீடு வேண்டுமென்றால் விதை எண் கொடுத்து உண்டாக்குங்கள். எக்ஸார்ஷிஃப்ட் போன்ற சின்ன ஜெனரேட்டரை டெஸ்டுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். சி லைப்ரரியின் ராண்ட் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும். தோற்றால் விதை எண்ணை அச்சிட வேண்டும்.

பில்ட் ஓடும்போது டெஸ்ட் தரவைத் தொடவே கூடாது. இதைச் சோதிப்பது எளிது: கான்ஃபிகரையும் மேக்கையும் எஸ்ட்ரேஸின் (சிஸ்டம் அழைப்புகளைப் பதிவு செய்யும் கருவி) கீழ், சைல்ட் ப்ராசஸ்களையும் பின்தொடரச் சொல்லி, கோப்பு திறக்கும் அழைப்புகளை மட்டும் பதிவு செய்யுங்கள். டெஸ்ட் அடைவின் மேக்ஃபைல் திறக்கப்படத்தான் செய்யும்; தரவு இருக்கும் உள் அடைவிலிருந்து ஒரு கோப்பு திறந்திருந்தாலும் சிஐ (தானியங்கி பில்ட்-டெஸ்ட் ஓட்டம்) சிவப்பு. இன்னும் நேரடியான வழி, அந்த உள் அடைவையே நீக்கிவிட்டு பில்ட் செய்து, லைப்ரரியின் ஹாஷ் மாறவில்லை என்று காட்டுவது.

டார்பாலை யாருடைய லேப்டாப்பிலும் செய்யாதீர்கள். டேகிலிருந்து கன்டெய்னரில் செய்து, இன்னொருவர் அதே டேகிலிருந்து செய்ததோடு, விரித்த நிலையில் ஒப்பிடுங்கள். கிட்டில் இல்லாமல் டார்பாலில் மட்டும் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டியல் வேண்டும். உங்களுடையது கையால் எழுதிய கான்ஃபிகர் என்பதால் அந்தப் பட்டியல் காலியாகவே இருக்கலாம். அது பெரிய வசதி, விட்டுவிடாதீர்கள்.

#6 முனையம்

> டார்பாலில் மட்டும் இருக்கும் கோப்பு

அதைவிடச் சின்ன விஷயம் ஒன்று கிட்டுக்குள்ளேயே இருந்தது. எக்ஸ்இசட்டின் சிமேக் கோப்பில் லேண்ட்லாக் (நிரலை அடைத்து வைக்கும் லினக்ஸ் சாண்ட்பாக்ஸ்) வசதி உள்ளதா என்று பார்க்கும் சின்ன சி நிரல். அதில் ஒரு வரித் தொடக்கத்தில் தனியாக ஒரு புள்ளி. கம்பைல் எப்போதும் தோற்கும், ‘வசதி இல்லை’ என்று முடிவாகும், சாண்ட்பாக்ஸ் சத்தமில்லாமல் அணையும். பில்ட் பச்சையாகவே இருக்கும்.

தீய நோக்கம் இல்லாமலேயே இது எல்லா ப்ராஜெக்டிலும் நடக்கிறது. ஜிசிசி 14 (2024), அதற்கு முன் கிளாங் 16, அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதைப் பிழையாக்கின. பழைய கான்ஃபிகர் சோதனை நிரல்களில் ஹெடர் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். முன்பு வெறும் எச்சரிக்கை, இப்போது கம்பைல் தோல்வி, ஆகவே ‘அந்த ஃபங்ஷன் இல்லை’. விளைவு: பெரிய கோப்பு ஆதரவோ வேகமான சிஆர்சி பாதையோ போய்விடும், ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே கான்ஃபிகரின் முடிவே டெஸ்ட் செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் எதிர்பார்க்கும் அம்சப் பட்டியலை ஒரு உரைக் கோப்பில் எழுதி வையுங்கள்: லினக்ஸ் எக்ஸ்86-64 என்றால் இவை இவை ‘உண்டு’. கான்ஃபிகர் உண்டாக்கும் ஹெடரை அதோடு டிஃப் செய்யுங்கள். கான்ஃபிகரும் சிமேக்கும் தரும் ஹெடர்களை ஒன்றோடொன்றும் டிஃப் செய்யுங்கள். மூன்றாம் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி: கான்ஃபிகரை வெவ்வேறு விதமாக அழைத்துப் பாருங்கள். ஸீலிப் 1.2.12இன் கான்ஃபிகர் பயனர் கொடுத்த சிசி மதிப்பைத் (எந்த கம்பைலர் என்பதை) தூக்கி எறிந்தது, 1.2.13இல் திருத்தினார்கள். இயல்பான ஜிசிசியோடு ஓட்டும் சிஐ இதைக் காணவே காணாது. குறைந்தது இவை: 32-பிட் கொடியோடு சேர்த்துக் கொடுத்த சிசி, க்ராஸ் கம்பைலர், சோர்ஸுக்கு வெளியே வேறு அடைவில் பில்ட், பெயரில் இடைவெளி உள்ள அடைவு, இணை ஓட்டம் 16ஓடு மேக், டெஸ்ட்டிர் (DESTDIR, இன்ஸ்டால் போய்ச் சேரும் தற்காலிக அடைவு) கொடுத்து இன்ஸ்டால். இன்ஸ்டால் ஆன கோப்புப் பட்டியலையும், என்எம் கருவி காட்டும் வெளி சிம்பல் பட்டியலையும் சோநேமையும் (லைப்ரரியின் பதிப்புப் பெயர்) ரெப்போவில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். சிம்பல் ஒன்று தவறிப்போய் வெளியே வந்துவிட்டால் அடுத்த ரிலீஸில் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

#7 சோதனைச்சாவடி

விண்டோஸ் பத்தி யாரும் சொல்லல. கிட்டோட தானியங்கி வரிமுடிவு மாற்றம் டெஸ்ட் கோப்பைக் கெடுக்கும். பெரும்பாலான சுருக்கிய கோப்புல சுழிய பைட் இருக்கும், கிட் பைனரின்னு கண்டுபிடிச்சிடும். சின்ன கோப்பு, இல்ல மூல உரைக் கோப்புன்னா மாட்டும். கிட்ஆட்ரிபியூட்ஸ்ல டெஸ்ட் தரவு அடைவு முழுசையும் பைனரின்னு எழுதிடுங்க.

அடுத்து, ஸ்டாண்டர்ட் அவுட்புட் டெக்ஸ்ட் மோடுல இருந்தா பைட் 10 வர்ற இடமெல்லாம் 13, 10ன்னு ரெண்டா எழுதும். படிக்கிறப்ப பைட் 26 வந்தா கோப்பு முடிஞ்சதுன்னு நிறுத்திடும். சரியா 26ஐயும் 10ஐயும் தாங்கின உள்ளீடு ஒண்ணு கட்டாயம் சேருங்க. 0 முதல் 255 வரை எல்லா பைட்டும் வரிசையா இருக்கிற 256 பைட் கோப்பு போதும்.

ஜீஸிப் தலைப்புல 4 பைட் நேரம், ஒரு பைட் இயங்குதளம் (யூனிக்ஸ்னா 3). இது ரெண்டும் ஒப்பீட்டுல கலக்காம பார்த்துக்கோங்க.

#8 பிட்வாரி

சிஆர்சிக்குத் தனி டெஸ்ட் வேண்டும். ரவுண்ட்-ட்ரிப்பில் இரு பக்கமும் ஒரே ஃபங்ஷனை அழைப்பதால் தவறு மறைந்துவிடும். 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களை ஆஸ்கி எழுத்துகளாகத் தொடர்ந்து கொடுத்தால் ஸீலிப்பின் சிஆர்சி32 விடை 3421780262. பீஸிப்2 இதே பல்லுறுப்புக் கோவையை எதிர்ப் பிட் வரிசையில் பயன்படுத்துகிறது, ஆகவே அதன் விடை வேறு. இரண்டையும் ஒரே அட்டவணையால் கணக்கிட முயல வேண்டாம்.

ஸீலிப் 1.2.12இல் சிஆர்சி புதிதாக எழுதப்பட்டது. அழைப்பவர் கொடுக்கும் தொடக்க மதிப்பு 64-பிட் லாங்கில் வரும். மேல் 32 பிட்டில் குப்பை இருந்தால் பழைய கோடு பொறுத்துக்கொண்டது, புதியது தவறான விடை தந்தது. 1.2.13இல் 32 பிட்டுக்கு வெட்டிவிட்டார்கள். அழைத்தவர் செய்தது தவறுதான். ஆனாலும் நேற்று வரை ஓடிய நிரல் இன்று உடைந்தால் அது ரிக்ரெஷன். மேல் பிட் நிரம்பிய தொடக்க மதிப்பை உங்கள் டெஸ்டிலும் சேருங்கள்.

சிம்ட் (ஒரே கட்டளையில் பல தரவைக் கையாளும் வேகமான) பாதைகள் உண்டென்றால் ஒவ்வொன்றையும் கட்டாயமாகத் தேர்ந்தெடுக்க ஒரு வழி வையுங்கள். சாதாரண சி பாதையோடு ஒப்பிட்டு, தொடக்க ஆஃப்செட் 0 முதல் 63, நீளம் 0 முதல் 1024 எனச் சுற்றுங்கள். ஃபஸ்ஸிங்கில் (தாறுமாறான உள்ளீடு கொடுத்துச் சோதிப்பதில்) ஒரு பாதையை அணைத்து வைக்கச் சொல்லி மாற்றம் வந்தால் காரணம் தெளிவாகும் வரை ஏற்காதீர்கள். எக்ஸ்இசட்டுக்கு 2023இல் ஓஎஸ்எஸ்-ஃபஸ் (ஓப்பன் சோர்ஸுக்கான ஃபஸ்ஸிங் சேவை) பில்டில் ஐஃபங்க் (ஏற்றும்போதே எந்த ஃபங்ஷன் வடிவம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி) அணைக்கப்பட்டது. பின்வாசல் நின்றது அந்த ஐஃபங்க் ரிசால்வர்களின் மேல்தான்.

#9 கட்டளைவரி

சிவிஇ திருத்தும்போது ரிக்ரெஷன் டெஸ்டை எவ்வளவு அகலமாக எழுதுவது? பிழையைத் தூண்டிய கோப்பு ஒன்றை மட்டும் சேர்த்தால் போதுமா?

#10 நெய்தல்

போதாது. சிவிஇ-2022-37434 இதற்குச் சரியான பாடம். ஜீஸிப் தலைப்பின் எக்ஸ்ட்ரா புலத்தை ஸீலிப்பின் விரிக்கும் ஃபங்ஷனான இன்ஃப்ளேட் துண்டு துண்டாகப் படிக்கும்போது, பயனர் பஃபரின் எல்லையைத் தாண்டி எழுதியது. முதல் திருத்தம், நீளத்தைக் கணக்கிடும் வரியை, தலைப்பைச் சுட்டும் ‘ஹெட்’ பாயிண்டர் NULL-ஆ (வெற்றா) என்று பார்ப்பதற்கு மேலே வைத்துவிட்டது. தலைப்பைக் கேட்காத பயனருக்கு ஹெட் NULL-ஆகவே இருக்கும். அப்போது எக்ஸ்ட்ரா புலம் உள்ள கோப்பு வந்தால் நிரல் விழும். அதைச் சரிசெய்ய இரண்டாவது திருத்தம் தேவைப்பட்டது.

பிழையைத் தூண்டும் கோப்பை மட்டும் டெஸ்டாக வைத்திருந்தால் முதல் திருத்தம் பாஸ். திருத்தம் தொடும் ஒவ்வொரு நிபந்தனையின் இரு பக்கத்தையும் டெஸ்ட் தொட வேண்டும். இங்கே: தலைப்பு கேட்டது, கேட்காதது, எக்ஸ்ட்ரா பஃபர் உண்டு, இல்லை, புலம் பஃபரைவிடச் சிறியது, சமம், பெரியது, உள்ளீடு ஒரே மூச்சில், ஒவ்வொரு பைட்டாக. எல்லாம் சேர்ந்தும் இருபதுக்குள் அடங்கும். ஆட்ரஸ் சானிட்டைசரும் யூபி சானிட்டைசரும் சேர்த்தே ஓட்டுங்கள்; அவை இல்லாமல் சில பைட் மேலெழுதல் வெளியே தெரியாது.

எல்லாவற்றையும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் ஓட்ட வேண்டியதில்லை. சானிட்டைசர், 32-பிட், கான்ஃபிகர்-சிமேக் ஒப்பீடு எப்போதும். பிக் எண்டியனுக்கு கியூஎம்யு மூலம் எஸ்390எக்ஸ், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஓடை, நீண்ட ஃபஸ்ஸிங் மூன்றும் இரவில். 4 ஜிபி டெஸ்ட்டை விட்டுவிடாதீர்கள்: விண்டோஸில் லாங் 32 பிட்தான், மொத்த எண்ணிக்கை சுற்றிக்கொண்டு சுழியத்துக்கு வரும்.

#11 கட்டளைவரி

கடைசிக் கேள்வி. பைட் ஒப்பீட்டை எடுத்துவிட்டால், சுருக்கத் தரம் குறைந்தால் எப்படித் தெரியும்? அளவுக்கு எவ்வளவு தளர்வு கொடுப்பது?

#12 முனையம்

இரண்டாகப் பிரியுங்கள். பீஸிப்2 உங்கள் சொந்த என்கோடர். அதற்குத் தளர்வே வேண்டாம். ஸீஸ்டாண்டர்ட் செய்வதுபோல உள்ளீடு, அமைப்பு, சுருங்கிய அளவு என ஒரு சிஎஸ்வி கோப்பை ரெப்போவில் வையுங்கள். என்கோடரை மாற்றுபவர் அதே கமிட்டில் சிஎஸ்வியையும் புதுப்பிக்க வேண்டும். எந்தக் கோப்பு எவ்வளவு கூடியது, குறைந்தது என்று ரெவ்யூவில் எண்ணாகவே தெரியும்.

டிஃப்ளேட் சிஸ்டத்துடையது, அதன் தரம் உங்கள் பொறுப்பு இல்லை. மேல் எல்லையை மட்டும் பாருங்கள். அதையும் ஃபார்முலாவாக எழுதி வைக்காதீர்கள். ஸீலிப்பின் கம்ப்ரெஸ்பவுண்ட் 1048576 பைட்டுக்கு 1048909 தரும், கூடுதல் 333 பைட்தான். ஸீலிப்-என்ஜியின் எல்லை இதைவிடப் பெரியது, ஏனென்றால் அதன் லெவல் 1 ஃபிக்ஸட் குறிகளையே பயன்படுத்துகிறது. அதில் 144 முதல் 255 வரையுள்ள பைட் ஒவ்வொன்றும் 9 பிட் எடுக்கும். டெஸ்டில் அந்த ஃபங்ஷனையே அழைத்து, வந்த அளவு அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். லைப்ரரிக்குள் எங்காவது 333ஐப் போன்ற எண்ணைக் கையால் கூட்டி மெமரி ஒதுக்கியிருந்தால், டெஸ்டைத் தொடும் முன் அதைத் திருத்துங்கள்.